ப்ளோயர் ஓடுதா, கரண்ட் பில் கட்டுனீங்களா?

போடிமெட்டு எங்கே இருக்கிறது என்று இங்கே சிங்கப்பூரில் யாராவது கேட்டால், "மூணாறு போற வழி" என்று சொல்லி முடித்துக்கொள்வேன். போடியிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறினால் வரும். ரெண்டு மாநிலத்து செக்போஸ்ட், நாலு டீக்கடை, மூடுபனி. ஆனால் அந்த இடத்தின் உண்மையான விசேஷம் வேறு. முகட்டில் பெய்கிற மழையில் கிழக்கே சரிகிற தண்ணீர் கொட்டக்குடி ஆறாகி வைகைக்குப் போகிறது, மதுரைக்காரர்கள் குடிக்கிறார்கள். மேற்கே சரிகிற தண்ணீர் பன்னியாறு வழியாகப் பெரியாற்றுக்குப் போகிறது. ஆலுவா, கொச்சிக்காரர்கள் குடிக்கிறார்கள். ஆக, அங்கே ஒருவர் கக்கூஸ் எப்படிக் கட்டுகிறார் என்பது அவர் சொந்த விஷயம் மட்டும் இல்லை.

இதை எழுதக் காரணம் சித்தப்பா மகன். மூணாறு - போடிமெட்டு சாலையை அகலமாக்கி 2024-ல் திறந்தார்கள். 2023-லிருந்து போடிக்கு அகல ரயிலும் வருகிறது. கூட்டம் கூடுகிறது. ஏலக்காய் விலை ஒரு வருஷம் ஏறும், ஒரு வருஷம் காலை வாரும். அதனால் தோட்டத்து ஓரத்தில் எட்டு ரூம் வைத்து ஹோம்ஸ்டே கட்டலாம் என்று நினைக்கிறான். "அண்ணே, பேங்க்ல இருக்கீங்க, ஒரு பார்வை பாருங்க" என்று எஸ்டிமேட்டை அனுப்பினான். பார்த்தேன். கண்ணாடிச் சுவர் இருக்கிறது, கேம்ப் ஃபயர் மேடை இருக்கிறது. "செப்டிக் டேங்க் - 1" என்று ஒரு வரி. ரூமுக்கு ரூம் வைக்கிற டி.வி.க்குப் போட்ட தொகையில் பாதிகூட அதற்கு இல்லை. கேட்டால், "அதெல்லாம் பின்னால பாத்துக்கலாம்ணே" என்றான்.

நான் பி.காம். கெமிஸ்ட்ரி பத்தாவதோடு சரி. ஆனால் இருபது வருஷமாகக் கடன் ஃபைல் பார்த்ததில் சுத்திகரிப்பு நிலையம் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டி வந்தது. அதைத்தான் அவனுக்குச் சொன்னேன், உங்களுக்கும் சொல்கிறேன். இஞ்சினியர்கள் மன்னிக்கவும் :-)

செப்டிக் டேங்க் என்பது உண்மையில் ஒரு தேக்கத் தொட்டி. கனமானது அடியில் சேறாகப் படியும், எண்ணெய்ப்பசை மேலே ஏடாக மிதக்கும், நடுவில் இருக்கும் தண்ணீர் அடுத்த அறைக்கு வழிந்து, அங்கிருந்து உறிஞ்சு குழிக்குப் போகும். பாதி அழுக்குதான் குறையும். கிருமிகள் பெரும்பாலும் உயிரோடேயே வெளியே வரும். மிச்ச வேலையை மண் செய்ய வேண்டும். சமவெளியில் ஆழமான மண் இருந்தால் செய்யும். எங்கள் பக்கம் நாலடி தோண்டினால் பாறை. பாறை இடுக்கில் இறங்கிய தண்ணீர் கீழே எங்காவது ஊற்றாக வரும். அந்த ஊற்றில்தான் கீழ்த்தோட்டத்து லைன் வீட்டுப் பெண்கள் குடம் வைப்பார்கள். பல இடங்களில் அடித்தளமே பூசாமல் வெறும் குழி வெட்டி மூடிவிட்டு அதற்கும் செப்டிக் டேங்க் என்றே பெயர். "இருபது வருஷமா நிறையவே இல்லை சார்" என்று பெருமையாக வேறு சொல்வார்கள். நிறையவில்லை என்றால் எங்கே போயிற்று?

முறையாகக் கட்டினாலும் ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை சேறு எடுக்க வேண்டும். எடுத்த லாரி எங்கே போய்க் கொட்டுகிறது என்பது அடுத்த கேள்வி. இதற்கென்றே தனியாக நிலையம் வேண்டும். தமிழ்நாட்டில் கருங்குழி பேரூராட்சியில் 2017-ல் அப்படி ஒன்று வந்தது. சேற்றை மணல் படுகையில் உலர்த்தி, வடியும் தண்ணீரைத் தனியாகச் சுத்தம் செய்கிற எளிய ஏற்பாடு. பக்கத்தில் அப்படி நிலையம் இல்லாத ஊரில் லாரிக்காரரைக் குறை சொல்லி என்ன பயன்? இருட்டும் பள்ளமும் இருந்தால் போதும் அவருக்கு.

பெரிய ரிசார்ட்டுகள் எஸ்.டி.பி. போடுகின்றன. முதலில் கம்பிவலை, பிறகு மணல் படியும் தொட்டி, அதன்பின் காற்றூட்டும் தொட்டி. இதுதான் இதயம். ப்ளோயர் என்ற காற்று இயந்திரம் அடியிலிருந்து குமிழ் குமிழாகக் காற்றை அனுப்பும். பாக்டீரியா அழுக்கைத் தின்று பெருகும். அடுத்த தொட்டியில் அவை சேறாகப் படிய, மேலே தெளிந்த தண்ணீர் வரும். படிந்த சேற்றில் ஒரு பகுதியைத் திரும்பக் காற்றுத் தொட்டிக்கே அனுப்புவார்கள், நாம் தயிருக்கு உறை எடுத்து வைப்பது போல. 1914-ல் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் வெளியிட்ட முறை. நூறு வருஷம் தாண்டியும் பெரும்பாலான நிலையங்களின் அடிப்படை அதுதான்.

உறை செத்துப்போனால் தயிர் எப்படித் தோயும்? ப்ளோயரை நிறுத்தினால் பாக்டீரியாவுக்கு மூச்சு முட்டும். கொஞ்ச நேரத்தில் நாற்றம் கிளம்பும். நிலையத்தின் கரண்ட் செலவில் பாதிக்கு மேல் இந்தக் காற்றுக்கே போகிறது. அதனால் செலவைக் குறைக்க நினைப்பவர் முதலில் கை வைப்பதும் அங்கேதான். மலையில் இன்னொரு சிக்கல். குளிரில் பாக்டீரியா சோம்பும். அதைவிட, கிறிஸ்துமஸுக்கும் மே மாதமும் ரூம் நிறையும், ஆடி மழையில் ஈயாடும். பட்டினி கிடந்த கிருமிகளுக்குத் திடீரென்று விருந்து வைத்தால் தாங்காது. சென்னை அடுக்குமாடிக்குச் செய்த இயந்திரத்தை அப்படியே மலைக்குத் தூக்கி வருவது சரிப்படாது என்பது என் கருத்து. கரண்டே வேண்டாத முறைகள் இருக்கின்றன. தடுப்புத் தொட்டிகளில் மேலும் கீழுமாக ஓடவிட்டு, பிறகு நாணல் நட்ட சரளைப் படுகையில் வடிய விடுவது. புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனையில் இந்த வகைதான். எட்டு ரூமுக்கு இது போதாதா? இடம் கொஞ்சம் பிடிக்கும். கண்ணாடிச் சுவர் ஒன்று குறையும், அவ்வளவுதான்.

இங்கே பேங்க்காரன் புத்தி வருகிறது. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் சுத்திகரிப்பு என்பது வருமானமே இல்லாத செலவு. மெஷின் வாங்கக் கடன் உண்டு, மானியம்கூட உண்டு. ஆனால் மாதா மாதம் கரண்ட், ஆபரேட்டர் சம்பளம், சேறு அப்புறப்படுத்துகிற கூலி, இதற்கெல்லாம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. மெஷினுக்கு ரிப்பன் வெட்டலாம், பில்லுக்கு வெட்ட முடியாதே.

இதன் பெரிய பாடம் திருப்பூர். தொண்ணூறுகளின் கடைசியில் சாயப்பட்டறைகளுக்குப் பொது சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினார்கள். அவற்றால் நிறத்தையும் அழுக்கையும் குறைக்க முடிந்தது, உப்பை எடுக்க முடியவில்லை. சாயம் துணியில் பிடிக்க மூட்டை மூட்டையாக உப்புப் போடுவார்கள். அது கரைந்து நொய்யலில் போனது. பாசனத்துக்காக 1992-ல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவுத் தேக்கமாக மாறியது. அணையைத் திறக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்ட கொடுமை வேறெங்காவது உண்டா? ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்று 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. நடக்கவில்லை. 2011 ஜனவரியில் எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளை மூடச் சொல்லி, கரண்டையும் துண்டிக்க உத்தரவு வந்தது. வேலை போனவர்களில் எங்கள் தேனி மாவட்டத்துப் பிள்ளைகளும் உண்டு.

பிறகு வழி பிறந்தது. உயிரியல் சுத்திகரிப்பு, அதன்பின் அடுக்கடுக்காக ஆர்.ஓ., மிஞ்சும் உப்புநீரைக் காய்ச்சும் ஆவியாக்கிகள். உப்புநீரைச் சுத்தப்படுத்தி மறுபடி சாயமேற்றவே பயன்படுத்தலாம் என்று கண்டுகொண்டது பெரிய திருப்பம். தண்ணீரில் தொண்ணூறு சதத்துக்கு மேல் திரும்பக் கிடைக்கிறது. பிரிக்க முடியாத கலப்பு உப்பு இன்னும் கொட்டகைகளில் கிடக்கிறது. அதற்கு முழுத் தீர்வு இல்லை. ஆனாலும் மனசு வைத்தால் முடியும் என்பதை அந்த ஊர் காட்டியது. கோர்ட் கரண்டைப் பிடுங்கும் வரை மனசு வரவில்லை என்பதையும் சேர்த்தே காட்டியது.

"சிங்கப்பூர் மாதிரி வருமா?" என்று நம்மவர்கள் பெருமூச்சு விடுவார்கள். 1987 வரைக்கும் இந்த ஊரிலும் வாளியில் மலம் எடுத்துப்போனார்கள். சிங்கப்பூர் ஆற்றைச் சுத்தம் செய்யப் பத்து வருஷம் ஆனது, 1977-லிருந்து 1987 வரை. 2003-ல் கழிவுநீரையே நுண்வடிகட்டி, ஆர்.ஓ., புற ஊதா ஒளி எனக் கடத்தி 'நியூவாட்டர்' என்று தர ஆரம்பித்தார்கள். பெரும்பகுதி தொழிற்சாலைகளுக்கும் ஏசி குளிர்விப்புக்கும் போகிறது. என்னை அசத்துவது அந்த மெஷின் இல்லை. மாதாமாதம் என் தண்ணீர் பில்லிலேயே கழிவுநீருக்கென்று தனி வரி வருகிறது. ஓட்டும் செலவை ஆரம்பத்திலேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

அதனால் என் யோசனை இது. மலைப்பகுதியில் ஹோம்ஸ்டே, ரிசார்ட்டுக்குக் கடன் கொடுக்கிற பேங்க், சுத்திகரிப்பு ஏற்பாட்டைக் கண்ணால் பார்த்த பிறகே கடைசித் தவணையை விடுவிக்க வேண்டும். ஓவர்டிராஃப்ட்டைப் புதுப்பிக்கும்போது, சேறு எடுத்த ரசீதும் எந்த நிலையத்தில் இறக்கினார்கள் என்ற சீட்டும் கேட்க வேண்டும். எஸ்.டி.பி. இருந்தால் அதற்குத் தனி மீட்டர், அதன் கரண்ட் பில். தீ இன்ஷூரன்ஸ் கேட்கிறோமே, அதுபோல இன்னொரு காகிதம். உள்ளே இறங்கிச் சுத்தம் செய்ய ஆளை விடமாட்டோம் என்ற எழுத்தும் வேண்டும். 2013 சட்டம் அதைத் தடை செய்கிறது. சாக்கடையில் செத்தால் 30 லட்சம் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் சொன்ன பிறகும் சாவு நிற்கவில்லை.

ஊரில் மேனேஜராக இருக்கும் நண்பரிடம் சொன்னேன். "நான் கேட்டா பார்ட்டி எதிர்த்த பேங்குக்குப் போயிருவாங்க" என்றார். நியாயம்தான். தனியாக ஒரு கிளை கேட்டால் நடக்காது. மாவட்ட அளவில் எல்லா பேங்குகளும் முன்னோடி வங்கி ஏற்பாட்டில் உட்கார்ந்து பேசுகிற கூட்டம் மூணு மாசத்துக்கு ஒரு தடவை நடக்கிறது. தேனியிலும் நடக்கிறது, இடுக்கியிலும் நடக்கிறது. ரெண்டு மேஜையிலும் ஒரே நிபந்தனையை வைத்தால் பார்ட்டி எந்தப் பக்கம் இறங்கினாலும் அதே காகிதம்தான்.

சித்தப்பா மகன் எஸ்டிமேட்டைத் திருத்தி அனுப்பியிருக்கிறான். ஆறு ரூம், நாணல் படுகைக்கு மூணு சென்ட். சேறு எடுக்கிற செலவு என்ற வரி மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது. பக்கத்தில் எங்கே இறக்குவது என்று யாருக்குமே தெரியவில்லையாம்.