வரையாட்டைப் பார்க்கப் போகலாமா?

கேள்வி: ‘‘அமராவதிப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் மக்காச்சோளம் போட்டிருக்கிறோம். கோடை விடுமுறையில் பிள்ளைகளை மூணாறு பக்கத்தில் உள்ள இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப்போக ஆசை. எப்போது போகலாம், எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? ‘ராத்திரியானா காட்டுப்பன்னி சோளத்த உழுதுபோட்டுப் போகுது. இதுல காசு குடுத்து வேற காட்டு மிருகத்தப் பாக்கோணுமா?’ என்கிறார் என் மாமனார். அவருக்கு என்ன சொல்வது?’’

- வாசகி, உடுமலைப்பேட்டை வட்டாரம்.

பதில்: மாமனாரின் கேள்வியையே முதலில் எடுத்துக்கொள்ளலாம். பாடுபட்டு வளர்த்த பயிரை ஒரே இரவில் இழந்தவருக்குக் கோபம் வருவது நியாயம்தான். சேதத்தை அப்படியே விட்டுவிடாதீர்கள். விடிந்ததும் படம் எடுத்து, சிட்டா, அடங்கல் நகலுடன் வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுங்கள். கள ஆய்வுக்குப் பிறகு இழப்பீடு கிடைக்க வழி உண்டு. ஆய்வு முடியும் முன் அந்த இடத்தை உழுதுவிட வேண்டாம்.

அதே சோளத்துக்குப் பாயும் தண்ணீர் எங்கே பிறக்கிறது என்பதையும் அவரிடம் கேட்டுப் பாருங்கள். ஆனி, ஆடியில் உடுமலையில் காற்றுதான் அடிக்கும். ஆனால், மலைக்கு மேலே மழை கொட்டும். இரவிகுளத்தின் புல்வெளிகளும், மடிப்புகளில் இருக்கும் சோலைக்காடுகளும் அந்த மழையைக் குடித்து வைத்துக்கொண்டு, மெள்ள மெள்ள ஓடைகளில் விடுகின்றன. மேற்கே போகும் ஓடைகள் பெரியாற்றுக்கும், கிழக்கே இறங்குபவை பாம்பாறு வழியாக அமராவதிக்கும் சேர்கின்றன. புல்வெளி கெட்டால் மழைக்காலத்தில் வெள்ளமும், கோடையில் வறண்ட ஓடையும்தான் மிஞ்சும். வரையாடு நிற்கும் மலை நம் வாய்க்காலின் தலைமடை.

எப்போது போகலாம்?

ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் வரையாடுகள் அதிகமாகக் குட்டி ஈனும். அதனால் வழக்கமாக பிப்ரவரி, மார்ச்சில் பூங்காவை மூடிவிடுவார்கள். ஏப்ரல், மே மாதங்களில் போனால் தாயோடு குட்டியையும் பார்க்கலாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழையும் மூடுபனியும் இருக்கும். விடுமுறையில் கூட்டம் அதிகம் என்பதால், வனத்துறையின் இணையதளத்தில் முன்பதிவு செய்துவிட்டு, காலையிலேயே போய்விடுங்கள். நுழைவிடத்திலிருந்து ராஜமலைக்கு வனத்துறைப் பேருந்து உண்டு. பிறகு ஏற்றத்தில் நடக்க வேண்டும். மூச்சுத்திணறல் உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். கோடையிலும் ஸ்வெட்டர் தேவை.

1978-ல் தேசியப் பூங்காவான இது 97 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. 2,695 மீட்டர் உயர ஆனைமுடி இங்கேதான் இருக்கிறது. தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு, வேறெங்கும் இல்லாத அளவுக்கு இங்கே கூட்டமாக வாழ்கிறது. கிடாவுக்கும் பெட்டைக்கும் பின்னோக்கி வளைந்த கொம்பு உண்டு. முதிர்ந்த கிடா கருத்த உடம்போடு, முதுகில் வெளுத்த பட்டையோடு இருக்கும். செங்குத்தான பாறைதான் அதற்குப் பட்டி. புலி, சிறுத்தை, செந்நாயிடமிருந்து தப்பிக்கும் இடமும் அதுவே. ஆடு வளர்த்த உங்கள் மாமனாரும் கூட வந்தால், பிள்ளைகளுக்கு அவரைவிட நல்ல வழிகாட்டி கிடைக்கமாட்டார். நீலக்குறிஞ்சியை எதிர்பார்த்துப் போகாதீர்கள். 2018-ல் பூத்தது, இனி 2030-ல்தான்.

வழியில் கவனம்

உடுமலை-மறையூர் சாலை ஆனைமலைப் புலிகள் காப்பகம், சின்னாறு சரணாலயம் வழியாகப் போகிறது. இரவில் வண்டிகளை விடமாட்டார்கள் என்பதால், பொழுது சாயும் முன் சோதனைச் சாவடிகளைக் கடந்துவிடுங்கள். யானை நின்றால் தூரத்திலேயே வண்டியை நிறுத்துங்கள். ஹாரன் அடிப்பது, இறங்கிப் படம் எடுப்பது இரண்டும் ஆபத்து. குரங்குக்கோ வரையாட்டுக்கோ தின்பண்டம் கொடுக்காதீர்கள். வரையாடு பக்கத்தில் வந்து நின்றாலும் தொடவோ, விரட்டவோ கூடாது. பாலித்தீன் பைகளை வீட்டிலேயே வைத்துவிட்டு, சாப்பாட்டை எவர்சில்வர் டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள்.

கால்நடை வளர்ப்பவர்களுக்கு

நம் கால்நடைகளின் நோய், குளம்புள்ள காட்டு விலங்குகளையும் தாக்கும். 1968-ல் மாட்டு வெக்கை நோய் பரவி, முதுமலை, பந்திப்பூர் பகுதிகளில் காட்டெருமைகள் கூட்டமாக மடிந்தன. அந்த நோய் ஒழிந்துவிட்டது. ஆனால், கோமாரி இருக்கிறது. உங்கள் ஊரில் கோமாரி கண்டிருந்தால், பயணத்தைத் தள்ளிப் போடுவதே நல்லது. மற்ற நேரத்திலும், தொழுவத்தில் போட்ட செருப்போடு மலையேற வேண்டாம். கிளம்பும் முன் வண்டிச் சக்கரத்தைக் கழுவி, துணியில் ஒட்டியிருக்கும் விதைகளை உதறிவிடுங்கள். பார்த்தீனியம் ஒரு முறை மலையேறிவிட்டால், அங்கே களையெடுக்க ஆள் கிடையாது. திரும்பி வந்ததும் செருப்பைக் கழுவிக் காயவைத்த பிறகே தொழுவத்துக்குள் போங்கள்.