‘முடியாது’ என்பவர்களும் செய்துகாட்டியவர்களும்

அமெரிக்காவின் 1970ஆம் ஆண்டுத் தூய காற்றுச் சட்டம், கார் எஞ்சின்கள் கக்கும் காபனோரொட்சைட்டையும் ஐதரோகாபன்களையும் 1975இற்குள் 90 வீதம் குறைக்குமாறு பணித்தது. இயலாதென டெட்ரோயிற் நிறுவனங்கள் வாதிட்டு, 1973இல் ஓராண்டு அவகாசமும் பெற்றன.

அதே ஆண்டில் யப்பானின் ஹொண்டா நிறுவனம், செவ்ரொலே இம்பாலா கார் ஒன்றை வாங்கி, அதன் 5.7 லீற்றர் வி8 எஞ்சினைத் தனது சி.வி.சி.சி. முறைக்கு மாற்றியது. சிறு துணை அறையில் செறிந்த கலவையைப் பற்றவைத்து, அச்சுவாலையால் உருளையிலுள்ள ஐதான கலவையை எரிக்கும் முறை அது. அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தின் பரிசோதனையில் அந்தக் கார் தேறியது.

அவகாசத்தால் ஆதாயமடைவது நிறுவனம்; புகையைச் சுவாசிப்பது மக்கள். ஆகவே, தொழிலதிபர் ‘முடியாது’ எனும்போது, வேறெவரேனும் செய்துகாட்டியுள்ளனரா என்பதையே அரசுகள் முதலில் ஆராய வேண்டும்.