மேட்டு வீட்டு மழைநீர், பள்ளத்து வீட்டு வாசல்: கான்ட்ராக்டரைக் கைகாட்டினால் பொறுப்பு போய்விடுமா?

நாமகிரிப்பேட்டை போன்ற மலையடிவார ஊர்களில் நிலம் ஒரே மட்டமாக இருப்பதில்லை. மேட்டு வீட்டில் விழும் மழை பள்ளத்து வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே இருப்பவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். மேட்டு வீட்டுக்காரர் வாசலை அழகுபடுத்தத் தொடங்கும்போதுதான் சிக்கல் வருகிறது.

இப்படி ஒரு நிலைமையை நினைத்துப் பாருங்கள். 5 சென்ட் காலி இடம். தோட்டம் அமைத்துத் தரும் கான்ட்ராக்டர் வருகிறார். கிராவல் மண் கொட்டி இடத்தை ஒரு அடி உயர்த்துகிறார். ஓரத்தில் புல்தரை, மற்ற இடமெல்லாம் பேவர் பிளாக். தண்ணீர் தேங்கக் கூடாதென்று காம்பவுண்டு சுவரில் துளை போட்டு ஒரு பைப்பையும் விட்டுவிடுகிறார். ஐப்பசியில் முதல் பெருமழை. பள்ளத்து வீட்டில் மஞ்சள் மூட்டை அடுக்கிய அறைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். காயவைத்த விரலி நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஏலத்தில் விலை போகாது. ஒரு வருடப் பாடு அது.

"அண்ணா, உங்க தண்ணி பூராவும் எங்கூட்டுக்குள்ளதானுங்க வருது" என்று போய் நின்றால், "நானா பண்ணுனேன்? வேலை எடுத்தவரைக் கேளுங்க" என்று பதில். கான்ட்ராக்டரைக் கேட்டால், "ஓனரு சொன்னதைத்தானுங்க செஞ்சேன்" என்கிறார். பேரூராட்சிக்குப் போனால், "இது உங்க ரெண்டு பேர் தகராறு" என்று அனுப்பிவிட வாய்ப்புண்டு. மூன்று பேரும் கையை விரித்தால், தண்ணீரை இறைப்பது நான்காவது ஆள்.

இதில் யார் சொல்வது சரி?

முதலில் கணக்கு

5 சென்ட் என்பது சுமார் 202 சதுர மீட்டர். 5 செ.மீ. மழை பெய்தால் அந்த இடத்தில் விழுவது ஏறக்குறைய 10,000 லிட்டர். ஒரு டேங்கர் லாரித் தண்ணீர். செடியும் மரமுமாக மண் தரை இருந்தவரை அதில் ஒரு பங்கை நிலமே குடித்தது; மீதி பரவலாக, மெதுவாக வழிந்தது. அடியில் சிமென்ட் போட்டுப் பேவர் பிளாக் பதித்தபின் பெரும்பகுதி அப்படியே ஓடிவரும். அதுவும் ஒரே பைப் வழியாக, ஒரே இடத்தில், வேகமாக. மழை மாறவில்லை, தரை மாறிவிட்டது.

'தண்ணி பள்ளத்துக்குத்தானே போகும்?'

இந்த வாதத்தில் பாதி உண்மை உண்டு. வழக்கறிஞர்கள் 'ஈஸ்மெண்ட் ஆக்ட்' என்று சொல்லும் 1882-ம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், 7-வது பிரிவின் விளக்கத்தில் இதைத் தொடுகிறது. மேட்டு நிலத்தில் இயல்பாக விழும் நீர், பக்கத்துப் பள்ள நிலத்துக்கு இயல்பாக ஓடுவதைப் பள்ளத்துக்காரர் அனுமதிக்க வேண்டும். ஆகவே பழைய நீரோட்டத்தைக் கரை கட்டி மறித்தால், பள்ளத்து வீட்டுக்காரர் மீதே தவறு வந்து சேரலாம்.

ஆனால் 'இயல்பாக' என்ற சொல்தான் இங்கே முக்கியம். மண் கொட்டி வாட்டத்தைத் திருப்பி, பைப் வைத்துச் சேர்த்து அனுப்பும் தண்ணீருக்கு அந்தச் சலுகையைக் கேட்க முடியாது. அது பக்கத்து வீட்டாருக்குச் செய்யும் தொல்லை. சட்டமொழியில் 'நியூசன்ஸ்'.

கான்ட்ராக்டர் செய்தால்?

உலகெங்கும் சட்டக் கல்லூரிகளில் படிக்கும் ஒரு வழக்கு இந்தக் கேள்வியில்தான் தொடங்கியது. இங்கிலாந்தின் லங்காஷயரில் ஜான் ரைலண்ட்ஸ் என்ற ஆலை முதலாளி, கான்ட்ராக்டர்களை வைத்து நீர்த்தேக்கம் கட்டினார். அடியில் பழைய சுரங்கக் குழிகள் இருந்தன. வேலை செய்தவர்கள் அவற்றைச் சரியாக அடைக்கவில்லை. 1860-ல் தண்ணீர் உடைத்துக்கொண்டு போய், பக்கத்தில் பிளெட்சர் என்பவரின் நிலக்கரிச் சுரங்கத்தை நிரப்பியது. கவனக்குறைவு கான்ட்ராக்டர்களுடையது, ரைலண்ட்சுக்குக் குழிகள் இருப்பதே தெரியாது. அப்படியும் 1868-ல் பிரபுக்கள் சபை அவரையே பொறுப்பாக்கியது.

நம் பக்கத்தில் இதற்கு ஒரு விதிவிலக்கும் வந்தது. கார்வேட்டிநகரம் ஜமீன் ஏரிகள் பெருமழையில் உடைந்து ரயில் பாலங்களை அடித்துச் சென்றபோது, மெட்ராஸ் ரயில்வே கம்பெனி வழக்குப் போட்டது. 1874-ல் பிரிவி கவுன்சில் ஜமீன்தார் பக்கம் நின்றது. ஏரி ஊருக்கே உயிர்; அதைப் பராமரிப்பது அவர் கடமை; கவனக்குறைவும் இல்லை என்பது காரணம்.

புல்தரையும் பேவர் பிளாக்கும் ஊருக்கு உயிர் கொடுக்கும் ஏரி இல்லை. அவரவர் வசதிக்கு அவரவர் செய்துகொள்வது. ஒரு வேலையைச் செய்தால் பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர் போகும் என்று முன்பே தெரிகிறபோது, அதைச் செய்யச் சொன்னவர் 'கான்ட்ராக்ட் விட்டுட்டேன்' என்று ஒதுங்க முடியாது. நஷ்டத்தைக் கொடுத்துவிட்டுக் கான்ட்ராக்டரிடம் வசூலிப்பது அவர்கள் இருவர் பாடு. கான்ட்ராக்டரும் தப்பிவிடுவதில்லை, அவர் கவனக்குறைவுக்கு அவரும் பதில் சொல்ல வேண்டும்.

பேரூராட்சிக்கு வேலையே இல்லையா?

ஒரே ஒரு வீட்டுக்குள் தண்ணீர் போனால் அது பெரும்பாலும் சிவில் விவகாரம்தான். பைப் தெருவில் திறந்தாலோ, பொதுச் சாக்கடையை மண் அடைத்தாலோ, நாலு வீடு பாதித்தாலோ கதை வேறு. மத்தியப் பிரதேசத்தின் ரத்லாம் நகரில் சாக்கடை வசதி கேட்டு மக்கள் போராடிய வழக்கில், 'நிதி இல்லை' என்று நகராட்சி சொன்ன சாக்கை 1980-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அங்கே பயன்பட்டது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-வது பிரிவு. 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் இருப்பது, பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 152-வது பிரிவு. பொதுத் தொல்லை என்றால் கோட்டாட்சியரிடம் இதன்கீழ் மனு கொடுக்கலாம்.

பாதிக்கப்பட்டவர் என்ன செய்யலாம்?

முதலில் ஆதாரம். மழை பெய்யும்போதே தேதி, நேரம் தெரிய வீடியோ எடுங்கள். தரையை உயர்த்துவதற்கு முந்தைய போட்டோ இருந்தால் தேடி எடுங்கள். கொத்தனாரை வைத்து டியூப் மட்டம் பார்த்து அளவைக் குறியுங்கள்.

அடுத்து, வீட்டு உரிமையாளர், கான்ட்ராக்டர் இருவருக்கும் பதிவுத் தபாலில் கடிதம். பேரூராட்சி செயல் அலுவலருக்கு நகல்.

பேச்சுக்கு இடமிருந்தால் தாலுகா சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள். உதவி எண் 15100. பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், குறைந்த வருமானமுள்ளோர் ஆகியோருக்கு இலவச வழக்கறிஞர் உண்டு. லோக் அதாலத்தில் முடியும் சமரசத்துக்கு நீதிமன்றத் தீர்ப்பின் வலு உண்டு.

கடைசி வழி சிவில் வழக்கு. நஷ்டஈட்டோடு, வாட்டத்தை மாற்றி அமைக்கும்படி செயலுறுத்துக் கட்டளையும் கேட்கலாம். நேரில் பார்த்து அறிக்கை தர வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கவும் கோரலாம். அவர் மழைக்காலத்தில் வந்தால் பாதி வழக்கு தெளிந்துவிடும்.

வேலைக்கு முன்பே

இத்தனைக்கும் மாற்று வேலை சின்னது. வாட்டம் தெருச் சாக்கடைப் பக்கம் இருக்கட்டும். சுவரோரம் ஒரு உறிஞ்சுகுழி எடுக்கட்டும். எல்லாக் கட்டிடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று தமிழ்நாடு 2003-லேயே சொல்லிவிட்டது. அதை வாசலுக்கும் நீட்டினால் போதும். 'தண்ணீர் எங்கே போகும்' என்ற ஒரு வரி ஒப்பந்தத்தில் இருக்கட்டும். தரையை உயர்த்தும் வேலை நடப்பது தெரிந்தால், மழைக்கு முன்பே போய் மட்டம் பார்ப்பதைப் பேரூராட்சி வழக்கமாக்க வேண்டும்.

வாசலை அழகாக்குவது அவரவர் உரிமை. அதற்கான விலையைப் பக்கத்து வீட்டு மஞ்சள் மூட்டை கொடுக்கக் கூடாது.