கூடத்துக்கு ஓக் பலகையா?

வீட்டைக் கட்டிப் பார் என்று சொன்ன பெரியவர் சுவரையும் கூரையையும் மட்டும் நினைத்துச் சொல்லியிருக்க மாட்டார். கூரை ஒழுகினால் மறு வருஷம் செப்பனிட்டுக்கொள்ளலாம். தரையையோ, குடியேறிய பின் பெயர்த்தெடுக்க மனமும் வராது. கையில் பணமும் இராது.

ஆயக்குடி அன்பர் ஒருவர் பல வருஷக் கொய்யா மகசூலின் மிச்சத்தைக் கொண்டு வீடு எழுப்பி வருகிறார். கூடத்தில் அமெரிக்க வெள்ளை ஓக் மரத்தின் அகலப் பலகைகளைப் பதிக்க வேண்டும் என்பது அவர் மகனுடைய ஆசை. தண்ணீர் விட்டுக் கழுவிக் கோலம் போட முடியாத தரையும் ஒரு தரையா என்பது பாட்டியின் கேள்வி. இருவருக்கும் நடுவே நின்ற அன்பர் என்னிடம் யோசனை கேட்டார்.

முதலில் ஓக் மரத்துக்குரிய மரியாதையைச் செய்துவிடுவோம். தமிழ் விவிலியத்தில் கர்வாலி என்று வரும் மரம் இந்த இனந்தான். வெள்ளை ஓக்கின் நுண்துளைகள் இயற்கையாகவே அடைபட்டிருப்பதால் நீர் எளிதில் ஊடுருவாது. பீப்பாய்க்கும் கப்பலுக்கும் அது உகந்ததாயிற்று. 1797-ல் நீரில் இறக்கப்பட்ட 'கான்ஸ்டிடியூஷன்' என்னும் அமெரிக்கப் போர்க்கப்பலில் இந்த மரம் உண்டு. அக்கப்பல் பாஸ்டன் துறைமுகத்தில் இன்றும் மிதக்கிறது.

மரம் உயர்ந்ததுதான், ஆனால் நமது சீமைக்குப் பொருந்துமா என்பதல்லவா கேள்வி? ஐப்பசி மழையில் கதவு இறுகிக்கொள்வதையும், சித்திரை வெயிலில் அதுவே தளர்ந்து ஆடுவதையும் யார்தான் பார்த்ததில்லை? காற்றின் ஈரத்தைக் குடித்து மரம் அகலத்தில் பருக்கும், உலர்ந்தால் சுருங்கும். சாதாரணமாக அறுத்த 8 அங்குல ஓக் பலகை, தன் ஈரப்பதம் நூற்றுக்கு 4 பங்கு மாறினால், ஏறக்குறைய அரைக்கால் அங்குலம் அசையும். 12 அடிக் கூடத்தில் அத்தகைய பலகைகள் 18 அடங்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மொத்தம் 2¼ அங்குலம்! மழைக்காலத்தில் தரை புடைத்தெழும். கோடையில் பலகைகளுக்கிடையே பிளவு தெரியும். தேக்கு இதில் பாதிதான் அசையும்.

இன்னொரு சங்கதி. கடுக்காய்ச் சாற்றில் இரும்பு சேர்த்து நம் முன்னோர் மை காய்ச்சினார்கள் அல்லவா? கடுக்காயிலுள்ள துவர்ப்புச் சத்து ஓக்கிலும் நிரம்ப உண்டு. ஈரத்தரையில் இரும்பு வாளியை வைத்தால் அங்கே கறுப்புக் கறை விழும். கறையானுக்கும் ஓக் அஞ்சாது என்று சொல்வதற்கில்லை. முற்றிய தேக்கின் வைரமோ அதை நெடுங்காலம் எதிர்த்து நிற்கும்.

ஆகவே கீழ்க் கூடத்தில் மரம் வேண்டாம் என்றேன். அங்கே ஆத்தங்குடிப் பூக்கல் பதிக்கட்டும். கண்ணாடித் தகட்டின்மேல் வர்ணக் கலவையை வார்த்து, மணலும் சிமெண்டும் இட்டு, நீரில் ஊறவைத்துக் கையாலேயே செய்யும் கல் அது. நடக்க நடக்க மெருகேறும், வெறுங்காலுக்குக் குளிர்ச்சி, பாட்டியின் கோலத்துக்கும் குறைவில்லை.

மகனுடைய ஆசையையும் தள்ள வேண்டியதில்லை. அவனுக்குரிய மச்சு அறையில் தேக்குப் பலகை போடலாம். இடித்த பழைய வீடுகளின் பர்மாத் தேக்கு காரைக்குடியில் விலைக்குக் கிடைக்கிறது. பல்லாண்டுகள் உலர்ந்து பக்குவப்பட்ட மரம். 1817-ல் பம்பாயில் தேக்கால் கட்டிய 'திரிங்கோமலி' கப்பல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்றும் மிதக்கிறது என்பதை அவனிடம் சொன்னால், ஓக் கிடைக்கவில்லையே என்ற குறை தீரும்.

எந்த மரமானாலும் மூன்று விதிகள் உண்டு. பலகை 4 அங்குலத்துக்கு மேற்படாதிருப்பது நலம். பதிப்பதற்கு முன் சில வாரங்கள் அந்த அறையிலேயே அடுக்கிவைத்து, அவ்விடத்துக் காற்றுக்கு அதைப் பழக்க வேண்டும். சுவரோரம் இடைவெளி விட வேண்டும். கடைக்காரர் காட்டும் படத்தில் ஆயக்குடியின் மழையும் வெயிலும் இரா; அவற்றோடு வாழப்போகிறவர்கள் நாம்தான்.