கணக்கு இருக்கிறது, கைகொடுக்காது

தன் பணம் என்றால் முதியவர்களும் பார்த்துப் பார்த்துச் செலவழிப்பார்கள். ஆகவே அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேரில் மருத்துவச் சேமிப்புக் கணக்குத் திட்டங்களைப் பெருக்க வேண்டும் என்கிறார்கள். கேட்க இனிக்கிறது, கணக்குதான் உதைக்கிறது.

ஆண்டுதோறும் மெடிகேர் பணத்தில் ஒரு பகுதி முதியவரின் கணக்கில் விழும். காப்பீடு கைகொடுக்கும் முன் அவர் கட்டவேண்டிய தொகையோ பெரும்பாலும் அதைவிடப் பெரிது. அந்த இடைவெளியை அவர்தான் அடைக்க வேண்டும். கணக்கில் தன் பணத்தைப் போட்டுவைக்கவும் அனுமதியில்லை. மருந்துக் காப்பீடும் இதில் சேராது. தனியே வாங்க வேண்டும்.

மிச்சப் பணம் அடுத்த ஆண்டுக்குப் போகும் என்பது உண்மைதான். ஆனால் மிச்சம் பிடிப்பவர் யார்? நோயில்லாதவர். சர்க்கரையும் இதய நோயும் உள்ளவரின் கணக்கு ஆண்டு முடியும் முன்பே காலியாகிவிடும்.

சிக்கன வாதத்துக்கு முட்டுக்கொடுக்கும் ராண்ட் நிறுவனத்தின் மருத்துவக் காப்பீட்டு ஆய்வு 1970களில் தொடங்கியது. 62 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை அது சேர்க்கவே இல்லை. செலவு குறைந்தது மெய். வேண்டாத சிகிச்சையோடு வேண்டிய சிகிச்சையும் குறைந்தது என்பதும் அதே ஆய்வின் முடிவு.

1997இல் இந்தக் கணக்குத் திட்டங்களுக்குச் சட்டம் கதவைத் திறந்தது. முதல் திட்டங்கள் விற்பனைக்கு வந்தது 2007இல். பத்தாண்டுகளாகக் காப்பீட்டு நிறுவனங்களே எட்டிப் பார்க்காத கதவு அது.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுபவர் விலைப்பட்டியல் கேட்பதில்லை. அவரைக் கேட்க வைப்பதற்குப் பெயர் சிக்கனமல்ல.