கமரா எந்தப் பக்கம் பார்க்குது?

எங்களில் ஒருத்தியின் வீட்டுக் கிணத்தடி இப்ப ரொறன்ரோவில தெரியும். பக்கத்து வீட்டில் ஆச்சி ஒராள் தனிய இருக்கிறா. மகன் காசு அனுப்பி நாலு கமரா பூட்டுவிச்சவர். அதில் மதில் மூலையில் இருக்கிறதுக்குப் பாதி ஆச்சியின்ர முற்றம், மீதி இவளின்ர கிணறு.

பயம் பொய்யில்லை. வாள்வெட்டுக் கதைகளையும், தனிய இருக்கிறவையின்ர நகைக்காக நடந்த கொள்ளைகளையும் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தனாங்கள். கமரா வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது.

ஆனால் தெரிவு செய்யிற விதத்தைப் பாருங்கோ. எத்தனை மெகாபிக்சல், வெளிநாட்டில இருந்து போனில பார்க்கலாமோ, இந்த ரெண்டு கேள்வியோட வியாபாரம் முடியுது. லென்ஸை ஒருத்தரும் கேட்கிறேல்லை. வீடுகளுக்கு அனேகமாக வாறது 2.8 மில்லிமீற்றர். 100 பாகைக்குக் கிட்ட அகலமாகப் பார்க்கும். ஊரே விழும், படலையடியில் நிற்கிறவன்ர முகம் மட்டும் ஒரு புள்ளியாக இருக்கும். அதே படலைக்கு 6 மில்லிமீற்றர் போட்டு, கொஞ்சம் பதிவாகப் பூட்டினால் பார்வை பாதியாகக் குறுகும், முகம் தெளிவாக விழும். பக்கத்து வளவு விழாது. கள்ளனைப் பிடிக்க உதவுற கமராதான் அயலட்டையின்ர மானத்தையும் காக்குது.

வைபை கமராவை விட, வயர் இழுத்து வீட்டுக்குள்ளேயே பதிவுப் பெட்டி வைக்கிறது எங்கட தெரிவு. 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நிண்டதை மறக்கேலாது. பெட்டிக்கும் கமராக்களுக்கும் சேர்த்து ஒரு யூபிஎஸ் பூட்டினால் கொஞ்ச நேரமாவது தாங்கும். கம்பனி போட்டுத்தந்த பாஸ்வேர்டை அண்டைக்கே மாத்துங்கோ. 2016 இல் மிராய் என்ற வைரஸ் அப்படி மாத்தாமல் விட்ட கமராக்களுக்குள்ளதான் பூந்தது.

சட்டம் காப்பாத்துமோ? ஐரோப்பிய நீதிமன்றம் 2014 இல் ஒரு செக் நாட்டுக்காரரின் வழக்கில், தெருவையும் எதிர்வீட்டு வாசலையும் பிடிக்கிற வீட்டுக் கமரா வெறும் வீட்டு விசயம் இல்லை என்று தீர்த்தது. இத்தனைக்கும் அந்த மனிசன்ர யன்னலை உண்மையாகவே ஆக்கள் உடைச்சிருந்தவை. எங்கட 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வீட்டுத் தேவைக்கான தரவுகளை விலக்கித்தான் வைச்சிருக்கு. அந்த விலக்கு மதிலைத் தாண்டி எவ்வளவு தூரம் போகும் என்று கேட்க, கிணத்தடியில் குளிக்கிற எந்தப் பெட்டை கோட்டுக்குப் போவாள்?

போன ஞாயிறு நாங்கள் மூன்று பேர் ஆச்சியிட்டப் போனோம். கமரா எதைப் பார்க்குது என்றே அவவுக்குத் தெரியாது. பாஸ்வேர்ட் மகனிட்ட. "நான் சாப்பிடப் பிந்தினாலும் அங்கயிருந்து கோல் எடுக்கிறான் பிள்ளை" என்றா. மகனோட கதைச்சோம், பிழை சொல்லேலாது, உடனே சம்மதிச்சார். மூலைக் கமராவைத் திருப்பியாச்சு.

ஏணியை எடுத்து வைக்கேக்க ஆச்சி மெல்லக் கேட்டா: "குசினிக்குள்ள இருக்கிறதையும் திருப்பேலுமோ?"