சருகு குப்பையல்ல, ஐயா!

கத்திரி வெயில் தொடங்கியதும் எங்கள் தெருக்காரர் ஒருவர் கைப்பேசியில் தவறாமல் அனுப்புவார்: "பறவைகளுக்குத் தண்ணீர் வையுங்கள்." வைப்போம், நல்லதுதான். ஆனால் அவர் வீட்டில் வாசல் முதல் கொல்லை வரை சிமெண்ட் ஓடு. இலை கொட்டுகிறதென்று வேப்பமரத்தையும் வெட்டியாயிற்று. தண்ணீர் குடித்த குருவி எங்கே போய் உட்காரும்? ஸ்கூட்டர் மேலா?

புதுச்சேரியில் நான் படித்த பிரெஞ்சுப் பாடத்தில் பூவும் பறவையும் 'பிரேந்தாம்' என்கிற வசந்தத்தில்தான் வரும். நம்மூர்க் கணக்கு வேறு. குண்டுமல்லி சித்திரை வெயிலில்தான் கொட்டோ கொட்டென்று பூக்கிறது, சரக்கொன்றையும் அப்படியே. காலை ஆறு மணிக்கு என் செம்பருத்தியில் தேன்சிட்டு தொங்கும். அதற்குத் தேன் மட்டும் போதாது, குஞ்சுக்குப் பூச்சியும் சிலந்தியும் வேண்டும். தவிட்டுக்குருவிகளோ கூட்டமாக வந்து, அவர் குப்பை என்கிற அதே சருகைப் புரட்டித்தான் இரை தேடுகின்றன. (சத்தம், சம்பளக் கமிஷன் அறிக்கை வந்த நாளில் எங்கள் அலுவலகம் மாதிரி!)

"கூட்ட ஆளில்லை" என்கிறார்கள். எழுபது தாண்டிய நான் கூட்டுகிறேனே! கால்மணி நேர வேலை. சருகை மரத்தடியிலேயே தள்ளிவிட்டால் மண்ணும் சீக்கிரம் காயாது. ஓடு பதித்தவரோ, ராத்திரியும் அனல் அடிக்கிறதென்று இரண்டாவது ஏ.சி. வாங்குகிறார்.

நாலு ஓட்டையாவது பெயர்த்தெடுங்கள், ஐயா. மல்லிகைப் பதியன் நான் தருகிறேன்.